வீங்காத கை

ஒரே இரும்பு வார்ப்புதான் இரண்டு பேரையும் கிழித்தது. டெம்போவிலிருந்து பம்பு உடல் ஒன்றை இறக்கும்போது ஒரு பக்கம் ஆரோக்கியதாஸ் பிடித்திருந்தான், மறுபக்கம் அரங்கசாமி. தரையில் சிந்திக் கிடந்த ஆயிலில் தாசின் செருப்பு வழுக்கியது. வார்ப்பு சாய்ந்தது. ஓரத்தில் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பிசிறு தாசின் இடது உள்ளங்கையைக் கீறி, அதே வேகத்தில் அரங்கசாமியின் வலது முன்னங்கையிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கீழே விழுந்தது. இரண்டு பேர் ரத்தமும் ஒரே இரும்பில் வழிந்தது.

சூலூருக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பட்டறையில் வெட்டுக்காயத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காயத்தைக் கழுவுகிற பேச்சே கிடையாது. ரத்தத்தைப் பனியன் துணியில் ஒற்றி எடுத்து, பிளந்த தோலைச் சேர்த்துப் பிடித்து, உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டுகிற பசையை மேலே சொட்டு விடுவார்கள். சுரீரென்று எரியும். மூச்சை இழுத்து விடுவதற்குள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கரண்டு வேலைக்கு வைத்திருக்கும் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டியதுதான். அன்றைக்கும் இருவரும் அதைத்தான் செய்தார்கள். ஒருவர் கையில் ஒருவர் பசை விட்டு, ஒருவருக்கு ஒருவர் டேப் சுற்றிக்கொண்டார்கள். பார்க்கிறவர்கள் அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் விடிந்தபோது தாசின் கை பேக்கரி பன் மாதிரி ஆகியிருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. தோல் சிவந்து, அடுப்புக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. உள்ளேயிருந்து எழும்பிய வீக்கம் பசையை ஒரு ஓரத்தில் பிளந்துவிட்டிருந்தது. நெஞ்சுத் துடிப்பு நெஞ்சில் இல்லை, உள்ளங்கையில்தான் இருந்தது. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், அங்கே அரங்கசாமி விசில் அடித்துக்கொண்டு கிரைண்டருக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் டேப் நேற்றுச் சுற்றியபடியே கிடந்தது. வீக்கமில்லை. சிவப்பில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, எது, என்று திருப்பிக் கேட்டான்.

அந்த ‘எது’தான் தாசுக்கு வயிற்றைப் பற்றவைத்தது.

சும்மா பற்றவில்லை. முதலாளி அப்துல் குத்தூஸ் பாய் பட்டறையில் புதிதாக ஒரு மேஜை போடப்போவதாகச் சொல்லியிருந்தார். பிசிறு தட்டி முடித்த வார்ப்புகளை ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சாக்பீசில் வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. தலைக்குமேல் ஃபேன், கீழே நாற்காலி. நாற்காலி என்றால் என்ன என்று பட்டறைக்கு வந்த நாளிலிருந்து நின்றே வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். கிரைண்டர் பிடித்துப் பிடித்து தாசின் விரல்கள் சட்டைப் பொத்தானைக்கூட உணர்வதில்லை. மூக்கைச் சிந்தினால் கரி வருகிறது. இருப்பவர்களில் பழைய ஆட்கள் அவனும் அரங்கசாமியும்தான். பாய் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கண்ணு, உங்கள் ரெண்டு பேர் பார்வையும் எனக்கு ஒன்றுதான், லீவு போடாமல் வருகிறவனுக்கு மேஜை, மாசம் பிறந்ததும் சொல்கிறேன் என்று முடித்துவிட்டார்.

லீவு என்றால் உடம்பு. உடம்பு என்றால் அங்கே தாஸ் தோற்றவன். கொசு கடித்தால் அவனுக்குக் காசு அளவு தடிக்கும். தூசி ஏறினால் கண் இமை மூடிக்கொள்ளும். ‘தொட்டா வீங்கி’ என்று பட்டறையில் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அரங்கசாமிக்கோ ஒன்றும் வராது. காரமடையிலிருந்து பிழைக்க வந்தவன், தாசைவிட இரண்டு வயது மூத்தவன், மூட்டு வலிக்கு மட்டும் தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்து மருந்துக்கடையில் ‘ஒரு செட்டு குடுங்க’ என்று காகிதத்தில் மடித்த மாத்திரைகளை வாங்கி அங்கேயே தண்ணீரில்லாமல் முழுங்குவான். அது ஒன்றும் ரகசியமில்லை. பட்டறையில் பாதிப்பேர் எப்போதாவது வாங்குகிறதுதான். அரங்கசாமி வருஷக்கணக்காக வாங்கினான். தாசும் ஒருமுறை போட்டுப் பார்த்து வயிறு எரிந்து விட்டுவிட்டான். அந்த மாத்திரைகூட அரங்கசாமிக்குத்தான் ஒத்துக்கொள்கிறது என்று அதற்கும் ஒரு பொறாமை.

வீட்டில் மனைவி ரூத், காய்ச்சலும் சேர்ந்துகொண்ட தாசின் வீங்கின கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, அந்தண்ணனுக்கு உடம்பு இரும்புங்க என்று சொல்லிவிட்டாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தாஸ் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முட்டி போட்டிருந்தபோது அவன் கேட்டது தன் கை ஆற வேண்டும் என்றல்ல. ஆண்டவரே, அவனுக்கும் ஒரு காய்ச்சல் வரட்டும். பெரிதாக வேண்டாம், ஒரு நாள் படுக்கிற மாதிரி. அப்படித்தான் கேட்டான். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியிருப்பதை ரூத் பார்த்துவிட்டாள். லீவு, மேஜை, நாற்காலி எதுவும் அவளிடம் எடுபடவில்லை. சேலை மாற்றக்கூட நேரம் எடுக்காமல் அவனைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பார்த்து, காயத்தைத் திறந்து கழுவச் சொல்லி, ஊசியும் மாத்திரையும் எழுதினார். கழுவியது ஷைமா என்ற நர்ஸ். பசையைப் பார்த்ததும் அவள், பிளாஸ்டிக் குடத்துக்கும் உங்க கைக்கும் வித்தியாசம் தெரியலீங்களாண்ணா என்று கேட்டாள். பசையை உரித்து அழுத்தினாள். மஞ்சளாகச் சீழ் வந்தது. தாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, சரியான சொத்தை உடம்புங்க என்னுது என்றான்.

ஷைமா பஞ்சை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்ண்ணா சொன்னா? இது வேலை செய்யற உடம்பு. இந்தச் சீழ் என்னன்னு நினைச்சீங்க? கிருமியைத் தின்னு போட்டுச் செத்துப்போன வெள்ளை அணு. உங்களுக்காகச் செத்ததுங்க.”

கட்டுப் போட்டுக்கொண்டே அவள் சொன்னதைத் தாஸ் முதலில் அரைக் காதில்தான் கேட்டான். தோலுக்கு அடியில் எந்நேரமும் காவலுக்கு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. வந்த கிருமி முன்னே பார்த்ததா, புதிதா என்றெல்லாம் அவை விசாரிப்பதில்லை. நம் வீட்டு ஆளில்லை என்று தெரிந்த உடனே சத்தம் போடும். மில்லில் தீப்பிடித்தால் சங்கு ஊதுகிற மாதிரி. சங்கு ஊதினால் என்ன செய்வார்கள்? கேட்டை அகலத் திறந்து வைப்பார்கள், ஆளும் தண்ணீரும் உள்ளே வர. அதே மாதிரி காயத்தைச் சுற்றியிருக்கிற ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும். ரத்தம் கூடுவதால் சிவப்பு, அதனால் சூடு. குழாய்ச் சுவர் இளகி, நீரும் வெள்ளை அணுவும் சதைக்குள் இறங்கும். அதுதான் வீக்கம். சங்குச் சத்தம் மூளை வரைக்கும் எட்டினால் காய்ச்சல். உடம்பு தானே தன் சூட்டை ஏற்றிக்கொள்ளும், கிருமிக்கு அந்தச் சூடு ஆகாது.

வலி எதுக்குங்க, அது மட்டும் இல்லாமல் இருந்தால் என்ன என்று ரூத் கேட்டாள்.

“வலி இல்லைன்னா உங்க ஊட்டுக்காரர் இந்தக் கையிலயே கிரைண்டர் புடிச்சிருப்பாருங்க்கா” என்றாள் ஷைமா.

ஆனாலும் அந்தக் கோடு மேலே ஏறியது நல்லதில்லை, காயத்தடியில் இருந்த காவல் அணுக்களால் அடக்க முடியவில்லை என்று அர்த்தம், அதனால்தான் மருந்து, இன்னும் நாள் கடத்தியிருந்தால் சிக்கல் என்றும் சேர்த்துச் சொன்னாள். வீங்குகிறதே என்று விட்டுவிடக் கூடாது. சில பேருக்கு அந்த வீக்கமே அணையாமல் எரிந்து சொந்த உடம்பையே கெடுத்துவிடுவதும் உண்டு.

தாசுக்கு இதெல்லாம் ஆறுதலாக இல்லை. அவனை அரிப்பது வேறு. அதைக் கேட்டுவிட்டான். அதே இரும்பு, அதே நேரம், அதே பசை, இன்னொருத்தருக்கு ஒரு துளி வீங்கவில்லையே, காய்ச்சல்கூட இல்லையே, அப்போது அவர் உடம்புதானே ஒசத்தி?

ஷைமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “சர்க்கரை இருக்குதுங்களா அவருக்கு?”

தெரியாது என்றான்.

“உடம்பு வலிக்குன்னு கடையில செட்டு மாத்திரை வாங்கிப் போடுவாருங்களா?”

“தினமுமுங்க.”

அவள் முகம் மாறிப்போனது. அந்தச் செட்டில் பல நேரம் ஒரு வெள்ளைக் குட்டி மாத்திரையும் இருக்கும். டாக்டர் அளவோடு கொடுத்தால் அது நல்ல மருந்து. வருஷக்கணக்காகத் தானாக விழுங்கினால், அது சங்கு ஊதுகிறவன் வாயிலேயே துணியை அடைத்துவிடும். தீ எரியும், சத்தம் வராது. வீக்கம் வராது, காய்ச்சல் வராது, வலிகூடக் கம்மியாகத்தான் தெரியும். கிருமி மட்டும் உள்ளே நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். அதற்குமேல் பசை போட்டு மூடி, டேப்பும் சுற்றியிருக்கிறீர்கள்.

“இன்னைக்கே கூட்டிட்டு வாங்ண்ணா. நாளைக்குன்னு வெக்காதீங்க. அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தாத் தப்பிச்சிருப்பாரு” என்றாள்.

பஸ்ஸில் தாசுக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். அரங்கசாமி உடம்பு இரும்பில்லை, வாயைக் கட்டிப்போட்ட உடம்பு. இத்தனை வருஷமாக எதைப் பார்த்து வயிறெரிந்தானோ அது ஒரு மாத்திரை. அந்தச் சந்தோஷம் வாயில் போட்ட கருப்பட்டி மாதிரி இறங்கிக்கொண்டேயிருந்தது. ரூத் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். போனதும் அந்தண்ணன்கிட்டச் சொல்லிப்போடுங்க என்றாள். சொல்றேன் என்றான். அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ள, அவன் மட்டும் பட்டறைக்குப் போனான்.

போனான், சொல்லவில்லை.

கட்டுப் போட்ட கையோடு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அரங்கசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாசம் பிறக்க அதிக நாளில்லை. நான் என்ன அவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேனா. நர்ஸ் சொல்வதெல்லாம் பலிக்கிறதா என்ன. இவன் படுத்தால் மேஜை யாருக்கு என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொன்றாக மனசு எடுத்துக் கொடுத்தது. அரங்கசாமி இடையிடையே சுவரில் சாய்ந்தான். குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது. தாஸ் பார்த்தான். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

நாலு மணிக்கு டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றின கண்ணாடி டம்ளர். எல்லோரும் விளிம்பை இரண்டு விரலில் கவ்வி, கை மாற்றி மாற்றி ஊதினார்கள். அரங்கசாமி மட்டும் வலது கையில் டம்ளரை முழுதாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசினான், சிரித்தான். டம்ளரைக் கை மாற்றவேயில்லை. விரல் நுனிகள் பழைய ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தன.

தாஸ் எழுந்து போய் அந்த டம்ளரைப் பிடுங்கினான். “அண்ணா, சுடலீங்களா?”

“என்றா, டீயைப் புடுங்கற?”

தாஸ் நர்ஸ் சொன்னதையெல்லாம் கொட்டினான். பாதி மறந்து, பாதி தலைகீழாக. சங்கு என்றான், கேட்டைத் திறப்பது என்றான், வாயில் துணி என்றான். வீங்கவில்லை என்றால்தான் ஆபத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று முடித்தான்.

பட்டறையே சிரித்தது. அரங்கசாமி சிரித்த சிரிப்பில் புரையேறியது. தொட்டா வீங்கி இப்போது டாக்டராகிவிட்டான், இனி வீங்காதவனெல்லாம் நோயாளி என்றார்கள். அரங்கசாமி அவன் தோளில் தட்டினான்.

“ஏன் தாசு, மேஜை வேணும்னா வாய்விட்டுக் கேளு. எனக்கு லீவு போட வெச்சு வாங்கோணுமா?”

சத்தம் கேட்டு வந்த குத்தூஸ் பாயும் அதையே வேறு குரலில் சொன்னார். நீ இப்படிப் பேசற ஆளா கண்ணு என்று வருத்தமாகக் கேட்டார்.

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. தாசின் மூஞ்சியைப் பார்த்து எத்தனை மாசமாகப் படித்து வைத்திருந்தார்களோ அதைத்தான் சொன்னார்கள். அரங்கசாமிக்குப் பெரிய வார்ப்பு கொடுத்தால் முணுமுணுப்பான், அவன் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டான். எல்லோரும் பார்த்ததுதான். இன்றைக்கு அவன் வாயிலிருந்து உண்மை வந்தாலும் அதற்கும் பொறாமை வாசம்தான் அடிக்கும். நர்ஸையே கூட்டி வந்தாலும் இவன் சொல்லிக் கொடுத்து வந்தவள் என்பார்கள். அந்த வாசத்தைப் போக்க ஒரே வழிதான் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கொஞ்ச நேரம் அந்த மூலையையே, மேஜை வரப்போகிற அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாய், மேஜை எனக்கு வேண்டாமுங்க.”

குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கிரைண்டர்கள் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“அரங்கண்ணனுக்கே குடுத்துருங்க. இத்தனை பேரு முன்னாடி சொல்றேன், பின்னால மாத்திப் பேச மாட்டேன். அவரு எத்தனை நாள் படுத்தாலும் அவருக்குத்தான். இப்ப அந்த டேப்பை மட்டும் உரிச்சுப் பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அரங்கசாமி அவனையே பார்த்தான். அந்த நாற்காலியைத் தாஸ் எப்படி ஆசைப்பட்டான் என்று அங்கே அவனைவிட அதிகம் தெரிந்தவன் இல்லை. அவனுக்கும் அதே ஆசைதானே. கையை நீட்டினான்.

டேப்பை உரித்தது பாய். அடியில் சிவப்பு இல்லை. பசை பளபளவென்று அப்படியே இருந்தது, வெட்டுக் கோடு வெட்டினபடியே. அதைச் சுற்றித் தோல் மட்டும் நாவல்பழக் கறை பட்டதுபோல் கறுத்து, சில்லிட்டுக் கிடந்தது. தாஸ் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினான். ஊறின பஞ்சு மாதிரி உள்ளே போனது. பசையின் விளிம்பில் பழுப்பாக நீர் கசிந்தது. நாற்றம் வந்ததும் முன்னே நின்றவர்கள் பின்னே போனார்கள்.

“வலிக்குதா அரங்கா?” என்று பாய் கேட்டார்.

“இல்லீங்களே” என்றான் அரங்கசாமி. சொல்லும்போதுதான் அவனுக்கே பயம் வந்தது.

பாய் கார்ச் சாவியை எடுத்தார்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்து, கெட்ட சதையை அரிந்து எடுத்து, மூடாமல் திறந்தே வைத்துக் கட்டினார்கள். விடியட்டும் என்று இருந்திருந்தால் கை போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கலாம் என்றார்கள். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாதாம். வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்ததால், அதேபோல் ஒன்றைத் தானே சுரக்கிற பழக்கத்தை உடம்பு விட்டுவிட்டதாம். டாக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம்.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாசம் பிறந்ததும் மேஜை வந்து இறங்கியது. நாற்காலிக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், அரங்கன் வந்து பிரிக்கட்டும் என்று சுவரோரம் வைத்தார். தாசின் கை ஆறிவிட்டது. அவன் அந்த நாற்காலிக்கு எதிரிலேயே நின்று கிரைண்டர் பிடித்தான். தூசி பறந்து உறைமேல் படிந்தது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது அதைக் கையால் துடைத்தான். துடைத்துவிட்டு, எதற்குத் துடைத்தோம் என்று தன்மேலேயே கோபப்பட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ரூத் கஞ்சி கொடுத்துவிடுவாள். தேங்காய்ப்பால் விட்டு, அரங்கசாமிக்கென்று தனியாக. தாசுக்குக் காய்ச்சல் வந்தபோது வெறும் கஞ்சிதான் வந்தது. தூக்குப் பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் அவன் மூக்கில் குத்தும். கட்டிலைச் சுற்றி ஆப்பிள், பிஸ்கட், பட்டறை ஆட்கள், காரமடைச் சொந்தக்காரர்கள். தப்பிப் பிழைத்தவன் என்று எல்லோரும் அவனைத்தான் பார்க்கிறார்கள்.

கூட்டம் கலைந்த ஒரு சாயங்காலம் அரங்கசாமி கேட்டான்.

“நெசத்தைச் சொல்லு தாசு. அன்னைக்கு மேஜை வேண்டான்னு மனசாரத்தான் சொன்னியா?”

தாஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தான். “இல்லீங்ணா.”

“அப்புறம்?”

“சொல்லலீன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதுக்காகச் சொன்னது. சொல்லும்போதே வயிறு எரிஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் எரியுது.”

அரங்கசாமி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். “பாய்கிட்டச் சொல்லி அந்த நாற்காலியை...”

“வேண்டாமுங்ணா.” தாஸ் வெட்டிப் பேசினான். “குடுத்தாச்சு. நீங்க திருப்பிக் குடுத்தீங்கன்னா அதுக்கும் சேர்த்து எரியும். விட்டுக்குடுத்தவன்ங்கற பேரும் உங்களுக்கே போகும்.”

அரங்கசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை அசைந்தது. முகத்தைச் சுளித்து, அம்மா என்று மெல்ல முனகினான். காயம் பட்டதிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு வலித்தது. இருவருமே அந்தக் கட்டைப் பார்த்தார்கள்.

தாஸ் ஒரு கரண்டி எடுத்து ஊதினான். தேங்காய்ப்பால் வாசம் வந்தது.

“வாயைத் தொறங்க” என்று அதட்டினான். “ஆறிப்போவுது.”